பேட்டரி லைட் எரிஞ்சா பேட்டரி வாங்காதீங்க, முதல்ல டைனமோவைப் பாருங்க

இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரே ஒரு பார்ட்டைப் பத்தித்தான். புத்தகத்துல அதுக்குப் பேரு ஆல்டர்னேட்டர். எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்குப் போனாலும் அதுக்குப் பேரு டைனமோ. நான் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திச் சொல்வேன், குழப்பிக்காதீங்க.

இதைக் கேட்கிறவங்கள்ல நிறைய பேரு இப்பதான் முதல் கார் வாங்கியிருப்பீங்க. அதுவும் செகண்ட் ஹேண்ட், ஏழெட்டு வருஷம் ஓடின வண்டி. கிட்டத்தட்ட அந்த வயசுலதான் டைனமோ மக்கர் பண்ண ஆரம்பிக்கும். அப்போ டாஷ்போர்டுல சிவப்பா ஒரு லைட் எரியும். பேட்டரி படம் போட்டிருக்கும். அந்தப் படத்தை யாரு வரைஞ்சாங்களோ, அவங்க மேல எனக்கு ரொம்ப நாளா கோபம். ஏன்னா வண்டி ஓடிட்டிருக்கும்போது அந்த லைட் எரிஞ்சா, பேட்டரி போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறலைன்னு அர்த்தம். படத்தைப் பார்த்துட்டு நாம நேரா பேட்டரி கடைக்குப் போறோம். கடைக்காரரும் சந்தோஷமா ஒண்ணை மாட்டி விடறாரு. மூணு நாள்ல வண்டி மறுபடியும் நிக்குது.

நம்ம அபார்ட்மெண்ட்டை வெச்சே சொல்லிடறேன். மொட்டை மாடியில தண்ணித் தொட்டி இருக்கு, கீழ மோட்டார் இருக்கு. பேட்டரிதான் தொட்டி, டைனமோதான் மோட்டார். மோட்டார் கெட்டுப் போனா உடனே குழாய் நிக்காது. தொட்டியில இருக்கிற வரைக்கும் தண்ணி வரும், அதனால யாருக்கும் தெரியாது. கடைசியா யாரோ ஒருத்தர் சோப்பு போட்டு நிக்கிறப்போதான் காத்து வரும். தொட்டியைப் புதுசா மாத்தினா மட்டும் தண்ணி வந்துடுமா?

காரைப் பொறுத்தவரைக்கும் பேட்டரியோட முக்கியமான வேலை, செல்ஃப் அடிக்கும்போது சில விநாடிக்கு 100, 200 ஆம்பியர் கரண்ட்டை மொத்தமா கொட்டறது. இன்ஜின் பிடிச்சதுக்கு அப்புறம் ஹெட்லைட், ஃபியூவல் பம்ப், இன்ஜெக்டர், ஏசி ஃபேன், பாட்டு, போன் சார்ஜர் எல்லாமே டைனமோ கரண்ட்லதான் ஓடுது. அது போக மீதியிலதான் பேட்டரியும் நிரம்புது.

இதுல என்ன ஆபத்துன்னு என் தோழி ஒருத்தியோட விஷயத்தைச் சொன்னா புரியும். ராத்திரி, அம்மாவைக் கூட்டிக்கிட்டு சென்னையில இருந்து திருச்சிக்குப் போறா. பரனூர் டோல் தாண்டினதும் அந்தச் சிவப்பு லைட். போன வாரம்தான் புது பேட்டரி போட்டிருக்கா, அதனால ஏதோ சென்சார் கோளாறுன்னு நினைச்சு விட்டுட்டா. செங்கல்பட்டுல நிறுத்தியிருக்கலாம், நிறுத்தலை. மேல்மருவத்தூர் நெருங்கும்போது பாட்டு தானா நின்னுச்சு. அப்புறம் ஸ்டியரிங் கனமாச்சு. ஹெட்லைட் வெள்ளையில இருந்து மஞ்சளாகி, மஞ்சளும் மங்கிப் போச்சு. டாஷ்போர்டுல இருக்கிற எல்லா லைட்டும் ஒண்ணா எரிஞ்சுது, இன்ஜின் அணைஞ்சுது. ஓரமா ஒதுக்கினப்போ ஹசார்ட் லைட் போடக்கூட கரண்ட் இல்லை. பக்கத்துல ஆம்னி பஸ்ஸும் லாரியும் பறக்குது, இவங்க வண்டி ரோட்டோரமா இருட்டுல இருட்டா நிக்குது. அவ செஞ்ச நல்ல காரியம், அம்மாவோட இறங்கி ரோட்டு விளிம்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போயி நின்னது. ரெண்டு மணி நேரம் கழிச்சு டோ வண்டி வந்துச்சு. அடுத்த நாள் பார்த்தா போனது டைனமோவுக்குள்ள இருக்கிற ரெகுலேட்டர். அவ கழட்டிக் கொடுத்துட்டு வந்த பழைய பேட்டரியில ஒரு குறையும் இருந்திருக்காது.

ஏன் முக்கால் மணி நேரத்துலயே நின்னுச்சு? கணக்குப் போடுங்க. சின்ன பெட்ரோல் வண்டியில பேட்டரி 35 ஆம்பியர் ஹவர் அளவுல இருக்கும். ரெண்டு ஹெட்லைட்டுக்குச் சுமார் 9 ஆம்பியர். பின் லைட்டும் மீட்டர் லைட்டும் சேர்ந்து ஒரு 3. இன்ஜின் ஓடறதுக்கே ஒரு 10. ஏசி போட்டா ப்ளோயர், கம்ப்ரஸர் கிளட்ச், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேர்ந்து இன்னொரு 20. மொத்தம் 40-ஐத் தாண்டிடும். பேட்டரி முழுசா நிரம்பியிருந்தாலும் ஒரு மணி நேரம் கூட வராது. பகல்ல, ஏசி இல்லாம, லைட் இல்லாம இருந்தா இதே பேட்டரி ரெண்டு மணி நேரத்துக்கு மேலயும் தாங்கலாம்.

அதனால ஓட்டிட்டிருக்கும்போது அந்த லைட் எரிஞ்சா: ஏசி, ப்ளோயர், பாட்டு, சார்ஜர் எல்லாத்தையும் அணைங்க. ஹெட்லைட்டை அணைக்காதீங்க, அது உங்க உயிருக்கு. இன்ஜினையும் அணைக்காதீங்க, திரும்ப ஸ்டார்ட் ஆகாம போகலாம். வெளிச்சமும் ஆளும் இருக்கிற அடுத்த ஊரு வரைக்கும் போயி நில்லுங்க. இதுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு. டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஏறுச்சுன்னா அங்கேயே ஓரமா நிறுத்தி அணைச்சுடணும். பெல்ட் அறுந்திருக்கும். பல வண்டிகள்ல வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுத்துது. மேல ஓட்டினா டைனமோ செலவு இன்ஜின் செலவாயிடும்.

சரி, அதை மாத்தறது எப்படி? அதுக்கு முன்னாடி, மாத்தணுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? இதுக்கு ஒரு மல்டிமீட்டர் வேணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கார் வெச்சிருக்கிற எல்லார்கிட்டயும் ஸ்டெப்னி மாதிரி இதுவும் இருக்கணும்ங்கறது என் அபிப்பிராயம்.

ராத்திரி முழுக்க நிறுத்தி வெச்ச வண்டியில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, பேட்டரியோட ரெண்டு டெர்மினல்லயும் மீட்டரை வைங்க. 12.6 வோல்ட் இருந்தா முழு சார்ஜ். 12.2 இருந்தா பாதிதான். 12-க்குக் கீழன்னா காலி. இப்போ ஸ்டார்ட் பண்ணுங்க. 13.8-ல இருந்து 14.5-க்குள்ள வந்தா டைனமோ வேலை செய்யுது. ஹெட்லைட், ப்ளோயர், பின் கண்ணாடி டீஃபாகர் எல்லாத்தையும் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதிச்சு வெச்சும் பாருங்க. அப்பவும் 13-க்குக் கீழ போயிட்டே இருந்தா சந்தேகம்தான். 15-ஐத் தாண்டினா அதுவும் கோளாறு. ரெகுலேட்டர் கட்டுப்பாடு இல்லாம ஓடுது, பேட்டரியை வேக வெச்சுடும்.

புது வண்டி வெச்சிருக்கிறவங்க இதுல கொஞ்சம் கவனம். இப்போ வர்ற பல கார்கள்ல சார்ஜிங்கை இன்ஜின் கம்ப்யூட்டரே தீர்மானிக்குது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க வேண்டி, பேட்டரி நிரம்பியிருந்தா வேணும்னே வோல்டேஜைக் குறைச்சு வைக்கும். அதனால 12.8 காட்டினதும் பதறாதீங்க. லோடு போட்டதும் ஏறுதான்னு பாருங்க. மைல்டு ஹைபிரிட் வண்டின்னா டைனமோ இருக்கிற இடத்துல மோட்டார், ஜெனரேட்டர் ரெண்டு வேலையும் பார்க்கிற ஒரு யூனிட் இருக்கும். அது சர்வீஸ் சென்டர் சமாசாரம், வீட்டுல கை வைக்காதீங்க. எலக்ட்ரிக் கார்ல டைனமோவே கிடையாது. பெரிய பேட்டரியில இருந்துதான் சின்ன 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் போகுது.

முக்கியமா ஒண்ணு சொல்லணும். வண்டி ஓடிட்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டி, "இன்ஜின் நிக்கலை பாருங்க, அப்போ டைனமோ நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்ற ஒரு பழைய டெஸ்ட் உண்டு. அம்பாசடர் காலத்துல அது செல்லுபடியாச்சு. இப்போ அதைச் செய்யவே கூடாது. டைனமோவுல இருந்து கரண்ட் போயிட்டிருக்கும்போது பேட்டரியைத் திடீர்னு பிரிச்சா வோல்டேஜ் ஒரு நொடியில எகிறும். அந்த அடியை வாங்கறது டயோடும் கம்ப்யூட்டரும்தான். யாராவது உங்க வண்டியில அப்படிச் செய்ய வந்தா, "அண்ணா, வேணாம், மீட்டர் வெச்சே பார்த்துடலாம்"னு சொல்லிடுங்க. தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

மீட்டர்ல சார்ஜ் இல்லைன்னு தெரிஞ்சாலும் உடனே டைனமோ மேல பழி போட வேணாம். பெல்ட் லூஸா, வழுவழுன்னு தேஞ்சிருக்கா, காலையில ஸ்டார்ட் பண்ணும்போது கீச்சுன்னு கத்துதான்னு பாருங்க. பேட்டரி டெர்மினல்ல பச்சை வெள்ளையா பூத்திருக்கான்னு பாருங்க. டைனமோவுக்குப் பின்னாடி மாட்டற பிளக் சரியா உட்கார்ந்திருக்கா, பெரிய ஃபியூஸ் போயிருக்கான்னு பாருங்க. அப்புறம் சாவி போட்டதும், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, அந்த பேட்டரி லைட் எரியணும். எரியலைன்னா அதுவும் ஒரு துப்பு. பல பழைய வண்டிகள்ல அந்த பல்பு வழியா போற சின்ன கரண்ட்டாலதான் டைனமோவே கண் முழிக்கும். பல்பு போச்சுன்னா நல்ல டைனமோவும் சும்மா சுத்தும்.

உள்ள என்ன இருக்குன்னு சுருக்கமா சொல்றேன், கடையில பேச உதவும். நடுவுல சுத்தறது ரோட்டார். நம்ம ஆளுங்க ஆர்மேச்சர்னு சொல்வாங்க. அதுல ஒரு காயில் இருக்கு, அதுக்குக் கரண்ட் கொடுத்தா காந்தமாகும். அந்தக் காந்தம் சுத்தும்போது, சுத்தியிருக்கிற நிலையான காயில்ல கரண்ட் பிறக்கும். 1831-ல ஃபாரடே கண்டுபிடிச்ச அதே விஷயம்தான். பிறக்கறது ஏசி கரண்ட். பேட்டரிக்கு டிசி வேணும், அதை மாத்திக் கொடுக்கறது டயோடு பிளேட். வோல்டேஜ் எகிறாம பார்த்துக்கறது ரெகுலேட்டர். ரோட்டாருக்குக் கரண்ட் கொண்டு போறது ரெண்டு கார்பன். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு பேரிங்.

உண்மையான டைனமோ வேற. அது நேரா டிசி கொடுக்கும், ஆனா இன்ஜின் ஸ்லோ ஸ்பீடுல இருக்கும்போது கிட்டத்தட்ட ஒண்ணுமே கொடுக்காது. 1960-ல கிரைஸ்லர் கம்பெனி அமெரிக்காவுல வேலியன்ட் கார்ல ஆல்டர்னேட்டரைக் கொண்டு வந்துச்சு. அப்புறம் உலகம் முழுக்க இதுதான். கிண்டி சிக்னல்ல இருபது நிமிஷம் நிக்கிறப்போவும் ஏசி ஓடுதுன்னா அந்த மாற்றத்தாலதான். டைனமோ போயிடுச்சு, பேரு மட்டும் தங்கிடுச்சு.

இப்போ பணம். லைட் எரியுதுன்னு போனா பெரும்பாலான இடத்துல "முழு அசெம்பிளியும் மாத்தணும்"னு சொல்வாங்க. கார்பன் தேஞ்சிருந்தா கார்பன் மட்டும் மாத்தலாம், சில நூறு ரூபாய்தான். ரெகுலேட்டர், பேரிங், டயோடு பிளேட் எல்லாம் தனித்தனியா கிடைக்கும். ஜி.பி. ரோட்டுல கேட்டாலே எடுத்துத் தருவாங்க. அதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்ச ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையைத் தேடணும், அவ்வளவுதான். ஊர்ல அவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க. நாமதான் ஏசி போட்ட ரிசப்ஷன் இருக்கிற இடமா பார்த்துப் போறோம்.

ஆனா எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணிடலாம்னும் சொல்ல மாட்டேன். எங்க வீட்டு வண்டிக்கு இதே பிரச்சினை வந்தப்போ ஒரு கராஜ்ல 11,000 ரூபாயும் கூலியும் சொன்னாங்க. நானே கழட்டி அயனாவரத்துல ஒரு பழைய கடைக்குக் கொண்டு போனேன். அந்த அண்ணா பத்து நிமிஷத்துல பிரிச்சு வெச்சாரு. கார்பன் நகத்தளவுதான் மிச்சம். முன் பேரிங் கரகரன்னுச்சு. டயோடு பிளேட்ல மழைத்தண்ணிக் கறை. பல கார்கள்ல டைனமோ இன்ஜினுக்குக் கீழ்ப்பக்கமா உட்கார்ந்திருக்கும், தேங்கின தண்ணியில போனா சேறு நேரா உள்ள போகும். அப்புறம் காயிலைக் காட்டினாரு. செம்பு நிறத்துல மின்ன வேண்டிய கம்பி கருப்பா இருந்துச்சு. "பாரும்மா, மூவாயிரத்து ஐநூறு வாங்கிட்டு நான் இதை ஓட வெச்சுத் தந்துடுவேன். ஆனா காயில் வெந்து போச்சு. அடுத்த மழைக்கு நீ திரும்ப இங்கதான் நிப்ப"ன்னாரு. ரிப்பேர் பண்ணிச் சம்பாதிக்கிறவரே வேணாம்னு சொன்னா அதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு? அவர் மூலமாவே 9,500-க்குப் புதுசு வாங்கினேன்.

மாட்டறதுக்கு வருவோம். வண்டிக்கு வண்டி இடம் மாறும், அடிப்படை ஒண்ணுதான்.

முதல்ல பெல்ட் எந்தெந்தப் புல்லி வழியா போகுதுன்னு போன்ல படம் எடுங்க. அப்புறம் பேட்டரியோட நெகட்டிவைக் கழட்டுங்க. எப்பவும் நெகட்டிவ்தான் முதல்ல. இது சடங்கு இல்லை. டைனமோவுக்குப் பின்னாடி இருக்கிற தடிமனான கேபிள் பேட்டரியோட பாசிட்டிவ்ல இருந்து வருது. நெகட்டிவைக் கழட்டாம அந்த நட்டுல ஸ்பேனரைப் போட்டு, ஸ்பேனரோட மறுமுனை பாடியில பட்டுதுன்னா, வெல்டிங் அடிக்கிற மாதிரி பொறி பறக்கும். கையில மோதிரம், கடியாரம் இருந்தா கழட்டி வைங்க. இன்ஜின் ஆறியிருக்கணும்.

பெல்ட்டை எடுக்கறதுக்கு, பழைய அமைப்புன்னா அட்ஜஸ்ட்மெண்ட் போல்ட்டை இளக்கி டைனமோவை இன்ஜின் பக்கமா தள்ளணும். புதுசுல டென்ஷனர் இருக்கும், அதை ஸ்பேனர் போட்டுத் திருப்பிப் பிடிச்சா பெல்ட் வந்துடும். பின்னாடி இருக்கிற பிளக்கோட பூட்டை அமுக்கி இழுங்க. வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க, பத்து வருஷம் சூட்டுல கிடந்த பிளாஸ்டிக் படக்குன்னு உடையும். தடிமனான கேபிளைக் கழட்டுங்க. அப்புறம் டைனமோவைத் தாங்குற போல்ட்டுகள்.

எனக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது அந்தக் கீழ் போல்ட்டுதான். துரு பிடிச்சுப் போயிருந்துச்சு. துரு இளக்குற ஸ்பிரே அடிச்சு, டீ குடிச்சுட்டு வந்து, முதல்ல இறுக்கற திசையில லேசா அசைச்சு, அப்புறம் கழட்டினேன். பலம் போட்டுத் திருகினா தலை உடைஞ்சு நிக்கும், அதுக்கப்புறம் லேத் பட்டறைதான். போல்ட்டு வந்த பிறகும் டைனமோ அசையாது, புஷ் இறுகிப் பிடிச்சிருக்கும். மரக்கட்டை வெச்சு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தட்டினா வந்துடும். பாத்துங்க, கனமா இருக்கும். கால்ல விழ வேண்டாம்.

புதுசை மாட்டறதுக்கு முன்னாடி ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. புல்லியில எத்தனை கோடு, பிளக்ல எத்தனை பின், போல்ட்டு ஓட்டை ஒரே இடமா, ஆம்பியர் அளவு பழசுக்குக் குறையாம இருக்கா. புதுப்பேட்டையில பழசு வாங்குறவங்க இதை ரெண்டு தடவை பாருங்க. ஒரே மாடல் கார்ல பெட்ரோலுக்கு ஒண்ணு, டீசலுக்கு ஒண்ணு இருக்கும். புல்லியைக் கையால சுத்திப் பாருங்க, கரகரக்கக் கூடாது.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால ஏத்திட்டு அப்புறம்தான் ஸ்பேனர். அந்தத் தடிமனான கேபிள் நட்டு நல்லா இறுகணும். அங்க லூஸா இருந்தா சூடாகி உருகும். பெல்ட்டைக் கையால அட்ஜஸ்ட் பண்ற வண்டியில, நீளமான பகுதியோட நடுவுல கட்டை விரலால அமுக்கினா ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்கணும். ரொம்ப இறுக்கினா பேரிங் போகும், லூஸா விட்டா வழுக்கும். பெல்ட் தேஞ்சிருந்தா இப்பவே மாத்திடுங்க, அதுக்காக இன்னொரு தடவை இத்தனையும் கழட்ட வேணாம்.

பேட்டரி படுத்துக் கிடக்குன்னா, ஜம்ப் ஸ்டார்ட் பண்ணி புது டைனமோவே நிரப்பிக்கட்டும்னு விடாதீங்க. காலி பேட்டரியை நிரப்ப அது முழு மூச்சா ஓடி, முதல் நாளே கொதிச்சுப் போகும். பேட்டரியைக் கழட்டிக் கொடுத்து ஒரு ராத்திரி சார்ஜ் போட்டு வாங்கிட்டு வந்து மாட்டுங்க. பாசிட்டிவ் முதல்ல, நெகட்டிவ் கடைசியில. ஸ்டார்ட் பண்ணுங்க, லைட் அணையணும். மீட்டரை வைங்க. எங்க வண்டியில 14.2 காட்டுச்சு, எல்லா லோடும் போட்டப்போ 13.9. மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாத்தியும் ஒரு தடவை பாருங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா ஒரு டயோடு சரியில்லை, வாரண்டி இருக்கும்போதே கொண்டு போயி மாத்திக்கலாம்.

பேட்டரியைக் கழட்டினதால கடிகாரம் 12:00-ல நிக்கும், ஆட்டோ பவர் விண்டோவைத் திரும்பப் பழக்கணும், ஒண்ணு ரெண்டு நாள் ஸ்லோ ஸ்பீடு கொஞ்சம் ஏறி இறங்கும். பயப்பட வேணாம். புது பெல்ட் போட்டிருந்தா ஒரு வாரம் ஓட்டினதும் டென்ஷனை இன்னொரு தடவை பாருங்க, புதுசு கொஞ்சம் இளகும். பழைய டைனமோவைத் தூக்கிப் போடாதீங்க. உள்ள செம்பு இருக்கு, புதுசு வாங்குற கடையிலேயே அதுக்கு விலை கழிச்சுக்குவாங்க. அந்த அண்ணா எனக்கு 600 ரூபாய் கழிச்சாரு.

அடுத்த எபிசோடுல செல்ஃப் மோட்டார். சாவி திருப்பினா டக்குன்னு ஒரு சத்தம் மட்டும் வந்து வண்டி அசையாம நிக்குதுல்ல, அதைப் பத்தி.